அறவுரைக்கு யார் விலை கொடுத்தார்கள்?

1889 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சென்னையிலிருந்து அதற்குப் போன ஜி. சுப்பிரமணிய ஐயர் அரசியல் காரியத்தோடு இன்னொரு காரியத்தையும் அங்கே முடித்தார். சிறு வயதிலேயே கணவனை இழந்துவிட்ட தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

ஐயர் அப்போது தென்னிந்தியாவின் பெரிய பத்திரிகையாசிரியர். 1878இல் ஐந்து நண்பர்களோடு கூடி, கடனாக வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவில் எண்பது பிரதிகள் அச்சடித்து ‘தி இந்து’வைத் தொடங்கியவர். 1882இல் ‘சுதேசமித்திரன்’ கண்டவர். 1885இல் காங்கிரசின் முதல் கூட்டத்தில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். விதவைகள் மணம் செய்துகொள்ள வேண்டும், குழந்தை மணம் ஒழிய வேண்டும் என்று இவர் எழுதியதை வாசித்துத் தலையாட்டிய சந்தாதாரர்கள் நிறையப் பேர். அதே ஆசிரியர் சொந்த வீட்டில் செய்து காட்டியபோது நிலைமை வேறாகிவிட்டது. வைதிகர்கள் அவரை ஒதுக்கினார்கள். சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம் பத்திரிகையின் பங்காளி வீரராகவாச்சாரியாருக்கும் ஒத்துவரவில்லை. கடனும் கழுத்தை நெரித்தது. 1898இல் தான் பெற்றெடுத்த ‘இந்து’வை விட்டு வெளியேறினார். கையில் மிஞ்சிய ‘சுதேசமித்திர’னை அடுத்த ஆண்டே நாளிதழாக்கினார்.

எழுத்தில் அறம் பேசுவது எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பார்க்க, அந்த பம்பாய்த் திருமணத்தையே நான் அளவாக வைத்துக்கொள்கிறேன். தமிழில் உரைநடையும் பத்திரிகையும் கைகோத்து வளர்ந்த இந்த நூற்றெழுபது ஆண்டுகளில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு ஒருநாளும் ஓய்ந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு விலை கொடுப்பவர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். நம் காலத்தில் அந்த விலை பெரும்பாலும் எழுதுகிறவர் தலையில் விழுவதில்லை. எழுதப்படுகிறவர் தலையில் விழுகிறது, அதிலும் பெண்ணின் தலையில். ‘ஒழுக்கவாதி’ என்று ஓர் எழுத்தாளரைச் சொன்னால் இன்று அது வசையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் விலையே இல்லாமல்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய ‘உதயதாரகை’யானாலும், சென்னையில் 1855இல் பெர்சிவல் பாதிரியார் நடத்திய ‘தினவர்த்தமானி’யானாலும், செய்தியும் போதனையும் ஒரே பக்கத்தில் கலந்துதான் வந்தன. அவற்றின் அறவுரை மானிட ஜாதி முழுவதற்கும் பொது. ஔவை முதல் குமரகுருபரர் வரை நம் நீதிநூல்களும் அப்படித்தான்: பொய் சொல்லாதே, களவு செய்யாதே, கல்வி கற்றுக்கொள். கேட்கிறவர் யார், அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரணை இல்லை. குற்றம் எல்லோருக்கும் பொது என்பதால் அவமானம் யாருக்கும் தனியாக இல்லை.

இந்த மரபிலேயே நின்று அதை மெல்லத் திருப்பியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1859இல் அவருடைய ‘நீதிநூல்’ வந்தது. தோற்றத்தில் அது பழைய நீதிநூல்களின் வாரிசு. செய்யுளும் அதிகாரப் பிரிவும் உண்டு. ஆனால் எழுதியவர் கம்பெனிக் காலத்து முன்சீப். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று வழக்கு மன்றங்களில் நாள்தோறும் பொய்ச்சாட்சியைக் கேட்டவர். அதனால் அவருடைய நூலில் கைக்கூலி வாங்குகிற அதிகாரி வருகிறார். பழைய நூல்களில் ‘செங்கோல்’ என்று அரசனுக்குச் சொன்ன அறிவுரை இங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தனுக்கு இறங்கி வந்துவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால் ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார் என்பதை வாசகர் மறக்க முடியாது. 1876–78 பஞ்சத்தில் தன் பணத்தைக் கொட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தவர் என்ற பெயரும் சேர்ந்தபோது, அவர் எழுதிய உபதேசத்துக்கு வேறொரு எடை வந்தது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கதையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் பக்கமாகப் போதிப்பதைக் குறையாகச் சொல்வது விமர்சகர்களின் வழக்கம். அந்த இடங்களைத் தனியே எடுத்து வாசித்தால் அவை தமிழ்க் கட்டுரையின் ஆரம்பப் பயிற்சிகள் என்பது தெரியும்.

பத்திரிகைகள் பெருகியபோது பொதுவான அறவுரை போதாமல் போயிற்று. ‘விதவையிடம் இரக்கம் காட்டு’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ‘விதவைக்குத் திருமணம் செய்து வை’ என்றால் பாதி ஊர் எதிர்க்கும். 1891இல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தபோது, ஆதரித்தவர்கள் பேசியதும் அறம், திலகரின் ‘கேசரி’ எதிர்த்துப் பேசியதும் அறம். இரண்டு தரப்பும் தர்மத்தையே சாட்சிக்கு அழைத்த பிறகு, எந்த அறவுரையை நம்புவது என்று வாசகர் எப்படித் தீர்மானிப்பார்? அங்கேதான் எழுதுகிறவரின் வாழ்க்கை சான்றாக நுழைந்தது. சுப்பிரமணிய ஐயரை பாரதி ‘சந்திரிகையின் கதை’யில் ஒரு பாத்திரமாகவே கொண்டுவந்து நிறுத்தியது எனக்கு இதனால் இயல்பாகப் படுகிறது. கருத்தைச் சொன்னவரும் கருத்தைச் செய்தவரும் ஒரே ஆளாக இருந்ததை பாரதி பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். 1904இல் அவரைச் ‘சுதேசமித்திர’னுக்கு அழைத்து வந்தவரே ஐயர்தான்.

ஐயர் செய்ததற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒன்று, உண்மையில் அதே வரிசையில் நிற்பது, 1933 மே மாதத்தில் நடந்தது. பெரியாரின் மனைவி நாகம்மையார் இறந்தார். பெரியார் தன் ‘குடிஅர’சில் அவரைப் பற்றி இரங்கல் எழுதினார். எட்டு ஆண்டுகளாக அந்த வாரஇதழ் பெண்விடுதலையைப் பற்றி எழுதி வந்திருக்கிறது. கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட விலங்கு, ஆணுக்கு இல்லாத நீதி நீதியே அல்ல என்று அது வாதாடியிருக்கிறது. அப்படி எழுதிய ஆசிரியர், மனைவியை இழந்த நிலையில், ஊருக்குப் போதித்ததில் நூற்றில் ஒரு பங்குகூடத் தன் வீட்டில் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்ற பொருளில் அச்சில் எழுதினார். எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. இரங்கல் கட்டுரையில் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிரிகள் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாததும் அல்ல. தமிழ் இதழியலில் அறம் பேசிய எழுத்துகளில் இதைவிட நேர்மையான ஒரு பத்தியை நான் கண்டதில்லை. ஐயர் சொன்னதை வீட்டில் செய்தார். பெரியார் செய்யாததை வெளியில் சொன்னார். இரண்டிலும் நஷ்டம் எழுதியவருக்கு. அதே 1933இன் இறுதியில், ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று எழுதிய தலையங்கத்துக்காக அவர் கைதானதும் இந்தக் கணக்கில் சேரும்.

‘குடிஅரசு’ செய்த இன்னொரு காரியம் ஒழுக்கத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றியது. அதற்கு முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நீதிநூல்களை பௌத்த நூல்களாக அவர் அதில் மறுவாசிப்புச் செய்தார். அவருடைய விளக்கங்கள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் திண்ணைப் பள்ளியில் சேர அனுமதிக்கப்படாத மக்களிடமிருந்து ஒருவர் எழுந்து, அந்தப் பள்ளியின் முதல் பாடப் புத்தகம் எங்களுடையது என்று உரிமை கோரினார். நீதி சொல்கிறவர் ஒரு பக்கம், கேட்டுக்கொள்கிறவர் மறுபக்கம் என்றிருந்த ஏற்பாடு அதோடு ஆட்டம் கண்டது.

இடையில் ஒரு விசித்திரமான பத்திரிகை. 1929இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசன’த்தைத் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே ஒரு மாத இதழ். உதவிக்கு வந்தவர் கல்கி. இதழ் ஆரம்பித்த சில மாதங்களிலேயே உப்புச் சத்தியாக்கிரகம் வந்து ராஜாஜியைச் சிறைக்கு அனுப்பியது, பத்திரிகை நின்றது. ஆனால் விஷயம் நிற்கவில்லை. 1937இல் முதலமைச்சரான ராஜாஜி அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. அந்த வரி சரியா தவறா என்பது வேறு வாதம். ஓர் ஒழுக்கப் பிரச்சாரம் ‘இதற்கு இவ்வளவு செலவாகும், இதை நாம் எல்லோரும் சேர்ந்து கட்டுவோம்’ என்று வெளிப்படையாகக் கணக்கு வைத்ததை நான் மதிக்கிறேன்.

ஐந்தே ஆண்டுகளில் காட்சி முற்றிலும் மாறிவிட்டது. உலகப் போர், காகிதக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். இந்தச் சூழலில் சி. என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற வாரஇதழைச் சென்னையில் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்க வாழ்க்கைதான் சரக்கு. திரையுலகத்தினர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் ‘இந்துநேசன்’ என்ற வேறொரு பத்திரிகையைக் கைப்பற்றி அதே தொழிலைத் தொடர்ந்தார். இப்போது வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் சேர்ந்து மாட்டினார்கள். 1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் வழக்கறிஞர் வீட்டுக்குப் போய்விட்டு ரிக்‌ஷாவில் திரும்பியபோது அவரைக் குத்தினார்கள். மறுநாள் காலை பொது மருத்துவமனையில் இறந்தார். நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அந்தக் கொலை வழக்கில் கைதானார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் பாகவதர் சிறைக்குப் போனார். 1945இல் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இந்த வழக்கைக் கொலைக் கதையாகவே சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. இதழியலின் கதையாகப் பார்த்தால் அதில் வேறொன்று இருக்கிறது. அவதூறுப் பத்திரிகை நடக்க வேண்டுமானால் ஊரில் ஒழுக்கக் கட்டுப்பாடு பலமாக இருக்க வேண்டும். எதுவும் தவறில்லை என்று நினைக்கிற ஊரில் ‘இந்துநேசன்’ ஒரு பிரதிகூட விற்றிருக்காது. கற்பையும் மானத்தையும் உயிராக மதித்த வாசகர்தான் அதன் சந்தை. அந்த மதிப்பைச் சுப்பிரமணிய ஐயர் எதிர்த்து நின்றார், பெரியார் கேள்வி கேட்டார், லட்சுமிகாந்தன் காசாக்கினார். எழுதுகிறவருடைய வீட்டிலிருந்து எழுதப்படுகிறவருடைய படுக்கையறைக்கு அறம் இடம்பெயர்ந்தது. வாசகர் திருந்த வேண்டியதில்லை. அடுத்தவர் வீட்டுச் சங்கதியைப் படித்து ‘சீச்சீ’ என்று சொன்னாலே போதும், ஒழுக்கத்தின் பக்கம் நின்றுவிட்ட திருப்தி கிடைத்துவிடும். மஞ்சள் பத்திரிகை என்று நாம் ஒதுக்கியதன் இந்த ஒரு பழக்கம், வெள்ளைப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் பிறகு தொற்றிக்கொண்டது.

வாசகரே நீதிபதியாகிவிட்டதற்கு 1966 நல்ல சாட்சி. ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழைநாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தாய் அப்படிச் சொன்னதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. ஜெயகாந்தன் விளக்கக் கட்டுரை எழுதி ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒரு நாவலே எழுதினார். அம்மா அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. எதிர்த்தவர்கள் கேட்ட தீர்ப்பையே வழங்கி, அந்தத் தீர்ப்போடு ஒரு பெண் எத்தனை வருஷம் வாழ வேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டினார். அந்த நாவல் 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

லட்சுமிகாந்தன் கொலைக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வழக்கில்தான் இந்தியா முழுமைக்கும் பொருந்தும் கோடு ஒன்று போடப்பட்டது. கொலைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடவிருந்தது. உயர் அதிகாரிகள் சிலரோடு அவனுக்கு இருந்த தொடர்பை அது சொல்லும் என்று பேச்சு. 1994 ஜூனில் சிறைத் துறைத் தலைவர் பத்திரிகைக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் கூர் உடையது. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை எழுதத் தடையில்லை. அரசு அதிகாரி தன் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால் அந்தரங்கம் என்று அவர் ஒளிந்துகொள்ள முடியாது. வெளிவருவதற்கு முன்பே தடுக்கவும் அரசுக்கு அதிகாரமில்லை. பொது ஆவணத்தில் இருந்தாலும் ஒரு விஷயம் மட்டும் விலக்கு: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரைப் பத்திரிகையில் போட்டு அவளை மறுபடியும் அவமானப்படுத்தக் கூடாது.

நம் பத்திரிகைகள் இந்தத் தீர்ப்பைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடின. வெற்றிதான். ஆனால் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. அதிகாரம் என்ன செய்தது என்று எழுது, ஆள் எப்படி வாழ்ந்தான் என்று எழுதாதே என்பது அதன் சாரம். நாம் இரண்டையும் எழுதினோம்.

2005 செப்டம்பரில் ஒரு செய்தி இதழின் கருத்துக்கணிப்பையொட்டி நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதை ஒரு நாளிதழ் திருப்பி எழுதிய விதத்தில், தமிழ்ப் பெண்களின் கற்பை அவர் பழித்துவிட்டார் என்றாயிற்று. துடைப்பமும் செருப்புமாக ஊர்வலங்கள் நடந்தன. பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே 23 வழக்குகள் தொடுத்தார்கள். 2010 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்கள் பலருக்கு அவர் சொன்னதால் நேரடியாக எந்தப் பாதிப்பும் இல்லை. நாலரை ஆண்டு அலைந்தவர் அவர் ஒருவர்தான். கூட்டமாகச் சேர்ந்து ஒழுக்கம் பேசும்போது பேசுகிறவர்களுக்கு ஆகும் செலவு பூஜ்யம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

தலையங்கத்தில் அறம் பேசுவது இப்போது அருகிவிட்டது. ஒழுக்கவாதம் மூன்றாம் பக்கத்துக்கு, மாவட்டச் செய்திக்கு, தலைப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கணவன் கொலையானால் ‘கள்ளக்காதல்’ தலைப்பில் ஏறிவிடுகிறது; வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே நோக்கம் தீர்ப்பாகிவிடுகிறது. கைதான பெண் ‘அழகி’ ஆகிறாள். கைதான ஆணுக்கு அப்படி ஓர் அடைமொழி கிடைப்பதில்லை. இவற்றை எழுதுகிற செய்தியாளர் கெட்டவர் அல்ல. காவல் நிலையத்தில் சொன்னதை, மாலைக்குள் அனுப்ப வேண்டிய அவசரத்தில், கைக்குப் பழகிய சொற்களில் எழுதுகிறார். அந்தப் பழக்கம் மாறக் கூடியது என்பதற்கும் சான்று இருக்கிறது. சாதி மாறி மணந்தவர்களைக் கொல்வதை நெடுங்காலம் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதி வந்தோம். தருமபுரியிலும் உடுமலைப்பேட்டையிலும் அப்படி மணந்த இளைஞர்கள் இறந்த பிறகு ‘ஆணவக் கொலை’ என்பது நாளிதழ்களிலேயே நிலைபெற்றுவிட்டது. யாரும் சட்டம் போட்டு மாற்றவில்லை. செயல்பாட்டாளர்களும் எழுத்தாளர்களும் விடாமல் சொன்னார்கள்; செய்தி மேசைகள் ஏற்றுக்கொண்டன.

2024 டிசம்பரில் சென்னையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்முறைக்கு ஆளானார். 1994 தீர்ப்பு கண்ணும் கருத்துமாக விலக்கி வைத்த விஷயம், பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம், அந்த முதல் தகவல் அறிக்கையோடு இணையத்தில் கசிந்தது. அறிக்கை எழுதப்பட்ட நடையே அந்தப் பெண்ணைக் குற்றவாளிபோலக் காட்டுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அந்த அறிக்கை காவல் நிலையத்து மேசையிலிருந்து கைப்பேசிக்கும், ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கும் போய்க்கொண்டே இருந்தது. அனுப்பியவர்களில் பலர் அந்தப் பெண்ணுக்காகக் கொதித்தவர்கள்தான். அதற்குக் கீழே ஆசிரியர் என்று யாருடைய பெயரும் இல்லை.